கயிறு பிடித்தால் படுத்துவிடும் கிடேரி, கண்காட்சிக்கு இன்னும் 10 வாரம்

செவலைக்கிடேரி:
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. என்னிடம் 9 மாத ஜெர்சி கிடேரி ஒன்று இருக்கிறது, சுமார் 180 கிலோ. மாட்டுக் கண்காட்சிக்கு இன்னும் 10 வாரம், களத்தில் நடுவர் முன்னால் கயிறு பிடித்து நடத்திக் காட்ட வேண்டும். கொட்டகைக்குள் இவளைப் போலச் சாது கிடையாது, தாடைக்குக் கீழே சொறிந்தால் கண் சொருகி நிற்பாள். முகக்கயிற்றை மாட்டி வெளியே கூட்டிவந்தால் மட்டும் வேறு மாடு. நான்கு அடி வைப்பாள், நிற்பாள். இழுத்தால் கழுத்தைப் பின்னால் வாங்குவாள். இன்னும் இழுத்தால் முன்னங்காலை மடித்துப் பொத்தென்று படுத்துவிடுவாள். நேற்று அரை மணி நேரம் படுத்தே கிடந்தாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் அழாத குறைதான். தம்பி பின்னாலிருந்து வாலை முறுக்கிப் பார்த்தான், எழுந்து அவன் காலை மிதித்ததுதான் மிச்சம். இந்த வருஷம் விட்டுவிடலாமா?

நாலுகால்பாய்ச்சல்:
இதற்குப் போய் அழுவார்களா? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். கெட்டியான கம்பத்தில் நாள் முழுக்கக் கட்டிப்போடுங்கள், இழுத்து இழுத்துத் தானாக ஓயும். மறுநாள் டிராக்டருக்குப் பின்னால் கட்டி மெதுவாக ஓட்டினால் இரண்டே நாளில் நடக்கும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் பழக்கினோம்.

கொட்டகைஎலி:
டிராக்டருக்குப் பின்னால் நடக்கப் பழகும், சரி. களத்துக்குள் டிராக்டரை யார் ஓட்டுவது?

பழையதொழுவம்:
தங்கச்சி, விட வேண்டாம். 10 வாரம் தாராளம்.

படுத்தால் இழுப்பு நிற்கும் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் எத்தனையோ கன்றுக்கு இதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கயிறு இறுகும்போது மாடு தவிக்கும், அவ்வளவுதான். தளரும்போதுதான் படிக்கும். தளர்வதற்கு முந்தின நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே சரி என்று மனதில் வைத்துக்கொள்ளும். அவள் நின்றாள், நீங்கள் இழுத்தீர்கள், அவள் படுத்தாள், நீங்கள் களைத்துப்போய்க் கயிற்றை விட்டீர்கள். பாடம் முடிந்தது. அரை மணி நேரம் படுத்தே கிடந்தாள் என்றால் அரை மணி நேரம் பரிசு வாங்கினாள் என்று அர்த்தம்.

நாளைக்கு நடத்தவே வேண்டாம். வேலி போட்ட சின்ன இடமாகப் பார்த்து, அவளுடைய இடது பக்கம், கழுத்துக்கு நேராக நில்லுங்கள். கயிற்றை இரண்டு விரலால் இழுக்கிற அளவுக்கு மட்டும், முன்னாலும் கொஞ்சம் பக்கவாட்டிலுமாக இழுத்துப் பிடியுங்கள். கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பக்கவாட்டில் ஏன் என்றால், நேராக இழுத்தால் நான்கு காலையும் ஊன்றி 180 கிலோவையும் உங்களுக்கு எதிராக வைத்துவிடும், அந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. தலையைப் பக்கமாகத் திருப்பினால் தடுமாறாமல் நிற்பதற்காகவாவது ஒரு காலை எடுத்து வைத்தாக வேண்டும். அந்தக் கால் அசைந்ததும் கயிறு தளர்ந்துவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் எதற்காகத் தளர்ந்தது என்று அவளுக்குப் புரியாது. தளர்த்திவிட்டு கழுத்தடியில் சொறிந்துவிடுங்கள். அப்புறம் மறுபடியும். ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பத்து நிமிஷத்தில் ஐந்தே அடி வைத்தாள் என்றால் அந்த நாள் நல்ல நாள்.

படுத்துவிட்டால் கத்தாதீர்கள். வாலை முறுக்கவே கூடாது, வால் எலும்பு முறிந்து தொங்கிப்போன மாடுகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஓய்வும் கொடுக்காதீர்கள். முட்டியால் தோள்பட்டையில் லேசாகத் தட்டித் தட்டித் தொந்தரவு செய்துகொண்டே இருங்கள், எழுந்ததும் ஓர் அடி வைக்க வைத்து அதோடு முடித்துக்கொள்ளுங்கள். படுத்த கோலத்தில் மட்டும் பாடத்தை முடிக்கக் கூடாது.

கட்டிப்போட்டுப் பழக்குவதும் தேவைதான், நாலுகால்பாய்ச்சல் தம்பி சொன்னதில் அது சரி. ஆனால் நாள் முழுக்க வேண்டாம். மாட்டின் தலை உயரத்துக்குக் கட்டுங்கள், கயிறு 45 முதல் 60 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், நீளமாக விட்டால் கால் மாட்டிக்கொள்ளும். ஒரு முனையை இழுத்தால் சட்டென்று அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். முதல் நாள் கால் மணி நேரம் போதும், அந்தக் கால் மணியும் நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும். போன் பேச அந்தப் பக்கம் போனால் கூட அவிழ்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. கயிற்றை உள்ளங்கையைச் சுற்றிப் போடாதீர்கள், மடித்து மடித்துப் பிடியுங்கள். என் இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கிறது, காரணம் கேட்க வேண்டாம்.

நாலுகால்பாய்ச்சல்:
ஒரு நாளைக்கு ஐந்து அடியா? இப்படிப் போனால் கண்காட்சி முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் உங்கள் மாடு களத்துக்கு வந்து சேரும்.

பழையதொழுவம்:
முதல் வாரம்தான் அப்படி. இரண்டு, மூன்று மாதக் கன்றாக இருந்தபோதே தொடங்கியிருந்தால் இன்னும் சுலபம், அப்போது ஆளால் நிறுத்திப் பிடிக்க முடியும், மனுஷன் தன்னை விட பலசாலி என்கிற நினைப்பு அதன் தலையில் கடைசி வரை தங்கிவிடும். 300 கிலோவில் தொடங்குகிறவர்கள் பாவம், தன் பலம் எவ்வளவு என்று மாட்டுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

செவலைக்கிடேரி:
ரொம்ப நன்றி அண்ணா. இன்று சாயங்காலம் ஏழு அடி. எண்ணிக்கொண்டே இருந்தேன், சிரிக்காதீர்கள். ஒரு சந்தேகம், முகக்கயிறு ஏறி ஏறிக் கண்ணில் உரசுகிறது. கயிறு சின்னதா, நான் போடுவது தப்பா?

ஈரப்புல்:
போடுவது தப்பாக இருக்கலாம்மா. கயிற்றின் நகர்கிற பகுதி, அதாவது இழுத்தால் இறுகித் தளர்த்தினால் விரிகிற பகுதி, தாடைக்கு அடியில்தான் வர வேண்டும். கைப்பிடி முனை மாட்டின் இடது பக்கமாக வெளியே வர வேண்டும். நிறையப் பேர் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள், அப்போது இறுகினது தளரவே தளராது, அண்ணன் சொன்ன பாடம் எல்லாம் வீண். மூக்கின் மேல் போகிற பட்டை கண்ணுக்குக் கீழே மூன்று விரல் இறங்கி, எலும்பின் மேல் உட்கார வேண்டும். இன்னும் இறங்கி மூக்குத் துவாரத்துக்கு மேலே உள்ள மெத்தென்ற இடத்தில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் எந்த மாடும் படுக்கும். உங்களுடையது படுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இழுக்கும்போது பட்டை எங்கே போகிறது என்று நாளைக்குப் பாருங்கள்.

செவலைக்கிடேரி:
அக்கா, தலைகீழாகத்தான் மாட்டியிருந்தேன். இத்தனை நாளும். யாரிடமும் சொல்லாதீர்கள்.

கொட்டகைஎலி:
சொல்ல மாட்டோம். உலகம் முழுக்க வாசிக்கிற இடத்தில்தானே எழுதியிருக்கிறீர்கள்.

செவலைக்கிடேரி:
மூன்று வாரம் ஆயிற்று, நிலவரம் சொல்கிறேன். கொட்டகையைச் சுற்றி இரண்டு சுற்று கயிறு தளர்வாகவே வருகிறாள். படுப்பது நின்றே போய்விட்டது. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் பிரேக் போட்ட மாதிரி நிற்கிறாள். தலையைக் குனிந்து தரையை முகர்ந்து பெருமூச்சு விடுகிறாள். தினமும் அதே தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கிறாள்!

ஊசிக்காரர்:
கால்நடை மருத்துவம் என் தொழில், கண்காட்சிகளில் உடல்நலப் பரிசோதனைக்கும் போவதுண்டு. தொட்டிக்கு அடியில் ஈரமாக, வெயிலில் மின்னுகிறதா என்று பாருங்கள். மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 330 பாகை சுற்றளவுக்குப் பார்வை எட்டும், நேர் பின்னால் மட்டும்தான் தெரியாது. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளக்கிற பகுதி முன்னால் குறுகலானது. நிழல், பளபளக்கிற ஈரம், தரையில் நிறம் மாறுகிற கோடு, இதெல்லாம் அதற்குக் குழியா மேடா என்று சட்டெனத் தெரியாது, அதனால்தான் தலையைக் குனிந்து பார்க்கிறது. அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவருவது இதுதான்: மாடு நின்றால் முதலில் மாட்டின் உயரத்துக்குக் குனிந்து அது என்ன பார்க்கிறது என்று பாருங்கள். தொங்கும் சங்கிலி, வேலியில் மாட்டிய சட்டை, காற்றில் ஆடும் பிளாஸ்டிக் தாள், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

இழுக்காதீர்கள். முகரட்டும். முகர்ந்து முடித்தால் தானே தாண்டும். காதையும் நினைவில் வையுங்கள், மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எட்டும், மாட்டுக்கு 35 வரை எட்டும். இரும்புக் கேட் கிரீச்சிடுவதும் விசில் அடிப்பதும் நமக்குச் சாதாரணம், அதற்குக் காதில் ஊசி குத்துகிற மாதிரி. கண்காட்சிக் களத்தில் ஒலிபெருக்கி இருக்கும், கைதட்டுவார்கள், குழந்தைகள் ஓடும். கொட்டகையில் இப்போதிருந்தே ரேடியோவை மெதுவாக வைத்து வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டுங்கள்.

கொட்டகைஎலி:
ரேடியோ நல்ல யோசனை. என் ஆங்கஸ் கலப்புக் கன்று (இறைச்சி இனம்) இப்போது விளம்பரம் வந்தால் அசைபோடுவதை நிறுத்திக் கேட்கிறது.

ஈரப்புல்:
நடை வந்துவிட்டதா, இனி நிற்கக் கற்றுக்கொடுங்கள். நடுவர் பாதி நேரம் நிற்கிற மாட்டைத்தான் பார்ப்பார். நடந்துவந்து நிறுத்தினதும் நான்கு காலும் நான்கு மூலையில், எடை சமமாக இருக்க வேண்டும். கால் கோணலாக நின்றால் முகக்கயிற்றால் தலையை லேசாகப் பின்னால் தள்ளுங்கள், அல்லது தோள்பட்டை முனையில் விரலால் அழுத்துங்கள், ஒரு காலை எடுத்து வைக்கும். இறைச்சி இன மாடு காட்டுகிறவர்கள் நீளமான கோல் வைத்துக் காலை நகர்த்துவார்கள், குளம்புப் பிளவில் லேசாக அழுத்தினால் கால் பின்னால் போகும், பின்பக்கக் குட்டிக் குளம்புக்கு அடியில் கொக்கியால் இழுத்தால் முன்னால் வரும். அதே கோலால் வயிற்றடியில் மெதுவாகச் சொறிந்தால் அமைதியாகிவிடும். எலி, உங்கள் கன்றுக்கு அது தேவை. கறவை இனத்துக்கு கோல் கிடையாது, கையும் கயிறும்தான்.

நிறுத்துகிற இடத்தையும் பாருங்கள். முன்னங்கால் கொஞ்சம் மேட்டில் இருந்தால் முதுகு நேராகத் தெரியும். முன்னங்கால் பள்ளத்தில் போனால் எப்பேர்ப்பட்ட மாடும் தோளில் சரிந்து இடுப்பில் தூக்கி அசிங்கமாக நிற்கும். தலையை நிமிர்த்திப் பிடியுங்கள், ஆனால் வானத்தைப் பார்க்கிற அளவுக்கு வேண்டாம். அப்புறம் அவளுக்குத் தெரியாத ஆட்களை வரச்சொல்லி முதுகைத் தடவ, விலாவைப் பிடித்துப் பார்க்க, பின்பக்கம் சுற்றிவரச் சொல்லுங்கள். பின்பக்கம் வரும்போது பேசிக்கொண்டே வரச் சொல்லுங்கள், அங்கேதான் அவளுக்குக் கண் இல்லை. உங்களைத் தவிர யாரும் தொட்டதே இல்லை என்றால் நடுவர் கை பட்டதும் துள்ளும்.

செவலைக்கிடேரி:
குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது பற்றியும் சொல்லுங்கள் அக்கா. எத்தனை நாளுக்கு ஒரு தடவை சோப்பு போடலாம்?

ஈரப்புல்:
இதில் ஒரு புத்தகமே எழுதலாம், நறுக்கென்று சொல்லப் பார்க்கிறேன் (முடியாது).

தினமும் சோப்பு போட்டால் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை போய் பொடுகு பறக்கும். சோப்பு வாரம் ஒரு தடவை, மற்ற நாளில் வெறும் தண்ணீரும் பிரஷும். தண்ணீரைக் குளம்பிலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோங்கள், எடுத்த எடுப்பில் முதுகில் பீய்ச்சினால் அன்றோடு குளியல் என்றாலே வெறுக்கும். காதை ஒரு கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் தலையில் ஊற்ற வேண்டும், காதுக்குள் தண்ணீர் போனால் தலையை உதறி உங்கள் பல்லைத் தட்டும். சோப்பைப் போடுவதை விட அலசுவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்கு நடுவில், அலைதாடி மடிப்பில், வால் வேரில் சோப்பு தங்கும், காய்ந்தால் அரிக்கும், அரித்தால் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து முடியே போய்விடும்.

பிரஷ் தினமும். முதலில் ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்து உதிர்ந்த முடியையும் அழுக்கையும் கிளப்பி, அப்புறம் பிரஷால் வாருங்கள். மினுமினுப்பில் முக்கால்வாசி கைவேலையில்தான் வருகிறது, மீதி தீவனத்தில். பாட்டிலில் வருகிற மினுமினுப்பை வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

முடி வெட்டுவதில் இனத்துக்கு இனம் வித்தியாசம். எலியின் கன்றுக்கு முடியை வளர்க்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, நிழலிலும் காற்றிலும் நிறுத்தி, மேல்நோக்கியும் முன்னோக்கியும் வாரி ஊதி உலர்த்தினால் முடி நிமிர்ந்து நின்று உடம்பு பருமனாகத் தெரியும். உங்கள் ஜெர்சிக்கு நேர் எதிர், உடம்பு முழுக்க ஒட்ட வெட்ட வேண்டும், எலும்பும் தோலின் மென்மையும் தெரியத்தான். முதுகுக்கோட்டில் மட்டும் முடியை விட்டுவைத்துக் கண்காட்சிக்கு முந்தின நாளோ அன்று காலையிலோ நிமிர்த்தி நேராகச் சீவி வெட்டுவார்கள். உடம்பை ஒரு வாரத்துக்கு முன்பே வெட்டிவிடுங்கள், மெஷின் போட்ட கோடெல்லாம் அதற்குள் மறைந்துவிடும். கண்காட்சிக்கு முந்தின ராத்திரி முதல் தடவையாக மெஷினைக் கையில் எடுக்கிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன், மறுநாள் அவர்கள் மாடு வரிக்குதிரை மாதிரி வரும்.

மெஷினை முதலில் ஓடவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். வெட்ட வேண்டாம். இரண்டு மூன்று நாள் அப்படியே. அப்புறம் மெஷினின் பின்பக்கத்தைத் தோளில் வைத்து அதிர்வைக் காட்டுங்கள். வெட்டும்போது முடி வளர்கிற திசைக்கு எதிராக, நீள நீளமாக இழுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளேடை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் அதற்கும் சுடும். எண்ணெய் விடுங்கள், ஆறவிடுங்கள். காதுக்குள்ளும் கண்ணோரமும் கடைசியில். வால் குஞ்சத்தை வெட்டிவிடாதீர்கள், அலசி, ஈரத்தில் பின்னிவைத்துக் காய்ந்ததும் பிரித்துச் சீவினால் பூ மாதிரி விரியும்.

குளம்பு சீவுவது மட்டும் மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சீவின காலில் கொஞ்ச நாள் நடை மாறும்.

நாலுகால்பாய்ச்சல்:
எல்லோரும் சோப்பு, சீப்பு என்று பேசுகிறீர்கள், ஜெயிக்கிறவர்கள் செய்வதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். முந்தின நாள் உப்பைக் கொடுத்துத் தண்ணீரை நிறுத்திவைத்து, களத்துக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் வயிறு முட்டக் குடிக்கவிடுவார்கள், விலா நிரம்பி அழகாகத் தெரியும். குடிக்காவிட்டால் குழாய் போட்டு ஊற்றுவார்கள். கறவை மாடு என்றால் ஒரு வேளை இரண்டு வேளை கறக்காமல் விட்டுவிடுவார்கள், மடி பெரிதாகத் தெரியும். இதுதான் நடைமுறை.

ஊசிக்காரர்:
நடைமுறைதான். அதன் பலனைப் பார்க்கிறவன் நான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உப்பைக் கொடுத்துத் தண்ணீரை நிறுத்தினால் இரத்தத்தில் சோடியம் ஏறும். அப்புறம் ஒரேயடியாகத் தண்ணீரை விட்டால் மூளை வீங்கி வலிப்பு வந்து விழக்கூடும். ஆளுக்கும் மாட்டுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. குழாய் தெரியாத கையில் இருந்தால் மூச்சுக்குழலுக்குள் போகும், நுரையீரலில் தண்ணீர் இறங்கினால் காப்பாற்றுவது கஷ்டம். மடியைக் கறக்காமல் விடுவது வலி, கசியும், மடிநோய்க்கு வாசலைத் திறந்துவைப்பது. நிரம்பிய மடியோடு கால் அகட்டி நடக்கிற பசுவைப் பார்த்தாலே தெரியும். இதற்கெல்லாம் இப்போது பல கண்காட்சிகளில் தகுதி நீக்கம் உண்டு, மடியை ஸ்கேன் செய்தே பார்க்கிற இடங்களும் உண்டு. சாந்தப்படுத்துகிற ஊசியைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதுவும் அப்படித்தான்.

விலா நிரம்பித் தெரிய வேண்டுமென்றால் நேர்மையான வழி இருக்கிறது. கண்காட்சிக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து நல்ல உலர்புல்லை அது கேட்கிற அளவுக்குக் கொடுங்கள், அடர்தீவனத்தைக் கூட்டாதீர்கள். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுக மாற்றுங்கள், திடீரென்று மாற்றினால் வயிற்றில் அமிலம் ஏறித் தீனியை நிறுத்தும், சாணி தண்ணீராகப் போகும். வெளியிடத்துத் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் நிற்கிற மாடுகள் அதிகம். வீட்டில் குடிக்கிற அதே வாளியைக் கொண்டுபோங்கள், முடிந்தால் முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரையும்.

வேறு ஒன்று, இது யாருக்கும் பிடிக்காது: படர்தாமரை. கண்ணைச் சுற்றி, கழுத்தில், சாம்பல் நிறத்தில் வட்டமாகச் செதில் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். பூஞ்சை அது, மனிதருக்கும் ஒட்டும், பிரஷ் வழியாகவும் மெஷின் பிளேடு வழியாகவும் பரவும். உங்கள் பிரஷை இரவல் கொடுக்காதீர்கள், பக்கத்துக் கொட்டகைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இப்போதே ஒரு தடவை முடியை விலக்கிப் பாருங்கள், குணமாக வாரக்கணக்கில் ஆகும்.

நாலுகால்பாய்ச்சல்:
சரி சரி. நடக்கிறதைச் சொன்னேன், நான் செய்கிறேன் என்று சொல்லவில்லை.

செவலைக்கிடேரி:
படர்தாமரை இல்லை, பார்த்துவிட்டேன். ஆனால் புதுப் பிரச்சினை, வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். பலகையில் கால் வைத்ததும் சத்தம் கேட்டுப் பின்னால் வந்துவிடுகிறாள். 16 நாள்தான் இருக்கிறது.

பழையதொழுவம்:
பலகையின் மேல் மண்ணையோ வைக்கோலையோ பரப்புங்கள், சத்தமும் அடங்கும், வழுக்காது. வண்டிக்குள் இருட்டாக இருந்தால் உள்ளே விளக்குப் போடுங்கள், இருட்டுக்குள் ஏறத் தயங்கும், வெளிச்சத்தைப் பார்த்து ஏறும். பழைய பாடம்தான், ஒரு கால் பலகையில், கயிறு தளரட்டும். இறங்கட்டும். மறுபடியும். உள்ளே போனதும் கதவைச் சாத்தாதீர்கள், கொஞ்சம் தீனி தின்றுவிட்டு இறங்கட்டும். நான்கைந்து நாள் எங்கும் போகாமல் ஏறி இறங்கட்டும். இறங்கும்போதுதான் விபத்து, அவசரமாகத் திரும்பினால் கால் இடறும்.

கொட்டகைஎலி:
இறங்குவது என்றதும் டர்ஹாம் எருது நினைவுக்கு வருகிறது. 1796இல் இங்கிலாந்தில் பிறந்த ஷார்ட்ஹார்ன் இன எருது, உடம்பு அவ்வளவு பெரிசு, அதற்கென்றே ஒரு வண்டி செய்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள், சில வருஷம் ஓடியது. கடைசியில் 1807இல் ஆக்ஸ்ஃபோர்டில் வண்டியிலிருந்து இறங்கும்போது இடுப்பு விலகிவிட்டது. தேறவில்லை, வெட்ட வேண்டியதாயிற்று. அத்தனை கூட்டத்தையும் தாங்கின மாட்டைச் சாய்த்தது ஒரு இறங்குபலகை.

செவலைக்கிடேரி:
நல்ல நேரத்தில் நல்ல கதை சொன்னீர்கள் அண்ணா, இனி எனக்குத் தூக்கம் வரும்.

செவலைக்கிடேரி:
போய்விட்டு வந்தாயிற்று! கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏறினாள், இறங்கினாள், இரண்டும் ஒழுங்காக. முந்தின நாளே போய்விட்டோம். வாளியைக் கொண்டுபோனது பெரிய உதவி, பக்கத்தில் இருந்தவர்களின் மாடு சாயங்காலம் வரை தண்ணீரில் வாய் வைக்கவில்லை, இவள் கடகடவென்று குடித்தாள். காலையில் களத்து வாசலில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அங்கே நின்றுவிட்டாள். எனக்குப் பின்னால் பதினோரு மாடு, எல்லோரும் பார்க்கிறார்கள், கை தானாக இழுக்கப் பார்த்தது. இழுக்கவில்லை. அவள் குனிந்து முகர்ந்தாள், ஒரு பெருமூச்சு, தாண்டினாள். மூன்று நொடிதான் இருக்கும், எனக்கு மூன்று நாள்.

நடுவர் முதுகில் கை வைத்தபோது காதைக் கூட அசைக்கவில்லை. நான்தான் சொதப்பினேன், அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் நடுவர் எங்கே போனார் என்று தெரியாமல் அவருக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டேன். முன்னால் இருந்த மாட்டுக்கும் எனக்கும் ஒரு மாட்டு நீளம் இடைவெளி விடச் சொன்னார்கள், அதையும் மறந்து ஒட்டிக்கொண்டு நின்றேன்.

நான்காவது இடம். பன்னிரண்டில்.

மூன்றாவது கிடைத்திருக்கும். குளம்பு சீவுகிறவர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடித்து ஆறு நாள் இருக்கும்போதுதான் வந்தார். ஈரப்புல் அக்கா மூன்று நான்கு வாரம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், இருந்தும் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. வலது பின்னங்காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தாள். மைக்கில் காரணம் சொல்லும்போது நடுவர் முதலில் சொன்னதே அதுதான், மற்றபடி முதுகும் அடக்கமும் நன்றாக இருக்கிறது என்றார்.

ஈரப்புல்:
நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் முதல் தடவையில் நான்காவது நல்ல இடம்மா. ஆறு நாள் இருக்கும்போது சீவாமலே விட்டிருந்தால் கூட அந்தக் கால் தாங்கியிருக்காது. கண்ணை நடுவர் மேல் வைக்கிற பழக்கம் இரண்டு மூன்று களம் ஏறினால் வந்துவிடும், மாட்டின் காலை விரலாலேயே உணர்கிற வரைக்கும் எல்லோரும் குனிந்துதான் பார்ப்பார்கள்.

ஊசிக்காரர்:
வாழ்த்துகள். வந்ததும் மற்ற மாடுகளோடு சேர்த்துக் கட்டிவிடவில்லையே? மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள், தனி வாளி, தனி பிரஷ். தினமும் காலையில் வெப்பம் பாருங்கள், 39.3 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ மூக்கு ஒழுகினாலோ யாரையாவது கூப்பிடுங்கள். மற்ற மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியில் அவளிடம் போங்கள். தாங்கின காலையும் தூக்கிப் பாருங்கள், இன்னும் சூடாக இருந்தால் சீவினது ஆழமாகப் போயிருக்கும்.

செவலைக்கிடேரி:
ஐயோ, பக்கத்தில்தான் கட்டியிருக்கிறேன். இதோ மாற்றுகிறேன்.

நாலுகால்பாய்ச்சல்:
வாழ்த்துகள் அக்கா. ஒரு கேள்வி, கேலி செய்யாதீர்கள். பழையதொழுவம் அண்ணா, அந்தப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிறது, இடது பக்கமா வலது பக்கமா?

பழையதொழுவம்:
இரண்டு பக்கமும், தம்பி. முதலில் இடது. உங்களுடையது எத்தனை கிலோ?

நாலுகால்பாய்ச்சல்:
320 இருக்கும். காளை.

பழையதொழுவம்:
அப்படியானால் தனியாகச் செய்யாதீர்கள், இன்னொரு ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். முதல் வாரம் கட்டி நிறுத்திப் பிரஷ் போடுவது மட்டும், நடை இரண்டாவது வாரம். முகக்கயிறு மாட்டின படத்தை இங்கே போடுங்கள், தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.